கிளிமூக்குக் கத்தி: பதினோரு நாள்

ஈஜோக் சாலை முக்கில் லோக் இரும்புக்கடை.
முப்பத்தெட்டு வெள்ளி என்றார்.
பேரம் பேசினேன். முப்பத்திரண்டுக்கு இறங்கி
ஆறு வெள்ளிக்கு ஒரு வட்ட அரத்தை
என் தலையில் கட்டினார்.
கணக்கு அவருக்குச் சரியாக வந்தது.

மடக்கினால் என் நடுவிரல் நீளம்.
விரித்தால்
நேராய்ப் போகத் தெரியாத அலகு.
கொஞ்ச தூரம் போய்,
பின்னாலிருந்து யாரோ பேர்சொல்லிக் கூப்பிட்ட மாதிரி
திரும்பிப் பார்க்கிறது.

முதல் நாள், உரக் கொட்டகை.
ஐம்பது கிலோ சாக்கின் வாய்த்தையலில்
மூக்கை நுழைத்து இழுத்தேன்.
சர்ரென்று வந்தது.
நூற்றிருபது சாக்கு. மணிக்கட்டு வலிக்கவில்லை.
பழைய நேர்கத்தி என்றால் நாற்பதாவதில்
சாக்கே கிழிந்து, செருப்புக்குள் யூரியா போய்,
தவமணி மண்டோர் முகம் கோணியிருக்கும்.

மறுநாள் கையுறையோடு திறந்து பார்த்தேன்.
கட்டைவிரல் குமிழ் வழுக்கியது.
மூன்றாவது முயற்சியில் திறந்தது.
மூன்று முயற்சிக்கு நேரமிருக்கும் வேலைகளுக்குப்
பரவாயில்லை.

வீட்டில் தோற்றது.
வெங்காயம் நறுக்கப் போனால்
நுனி மட்டும் பலகையைக் குத்திக்கொண்டு நிற்கிறது,
மிச்ச அலகு அந்தரத்தில்.
ரொட்டிக்குக் காயா தடவினேன்.
ரொட்டியை உழுதது.
"இதுல தேங்காச் சில்லு வேணும்னா நோண்டலாம்"
என்று சிரித்தாள் ஓரகத்தி குமுதவல்லி.
நோண்டிப் பார்த்தாள். முழுசாய்ப் பெயர்ந்து வந்தது.
அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

தீட்டுவது தனிப் பாடு.
தட்டைக் கல் உள்வளைவைத் தொடவே இல்லை.
வட்ட அரம் தொட்டது.
லோக்கின் ஆறு வெள்ளி
அன்றைக்கு எனக்கும் கணக்கில் வந்தது.

ஆறாம் நாள் ரோட் பிளாக்.
மோட்டார் கூடையில் கிடந்ததை எடுத்து
விரித்தார் இளம் போலீஸ்காரர்,
முதல் முயற்சியிலேயே.
"உந்தோக் அப்பா?"
எதற்கு என்றுதான் கேட்டார்.
என் காதில் வழக்கம்போல
அப்பாவுக்கா என்று விழுந்தது.
சாக்கு, கயிறு, தையல் நூல் என்று
தெரிந்த மலாயில் அடுக்கினேன்.
அக்குளில் வியர்வை.
சட்டையில் ஒட்டியிருந்த உரவாடை
எனக்குச் சாட்சி சொன்னதோ என்னவோ,
மடக்கிக் கொடுத்தார்.
அன்றிலிருந்து அது கொட்டகைச் சாவிக்கொத்தோடு.
பசார் மாலாமுக்குக் கூட வருவதில்லை.

ஒன்பதாம் நாள்
பதினேழாம் நிரை, ஆந்தைப் பெட்டிக்குக் கீழே,
யாரோ கீரைப்பாத்திக்குக் கட்டிய நைலான் வலையில்
ஒரு கூகை.
செம்பனையில் எலி பிடிக்கத் தோட்டமே வைத்திருக்கும்
சம்பளமில்லாத ஆள்.
ரொக்கிபுல் தன் சட்டையைக் கழற்றிப்
போர்த்திப் பிடித்தான்.
இறகுக்கும் நூலுக்கும் நடுவே
ஒரு நெல் நுழையும் இடம்.
நேர்கத்தியின் நுனி அங்கே
உடம்பைத்தான் பார்த்திருக்கும்.
இது என்னைப் பார்த்தது.
நூலுக்குக் கொக்கி போட்டு
என் பக்கமாய் இழுத்தது.
ஒரு கண்ணி.
இன்னொன்று.
கழுத்தில் இருந்ததை அறுக்கும்போது
நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை.
விடுபட்டதும் என் கட்டைவிரலைக் கவ்வியது.
அப்போதுதான் கவனித்தேன்,
அதே வளைவு.
தீட்டாமலே இதைவிடக் கூர்.
கிளினிக்கில் மூன்று தையல்.

ரொக்கிபுல் கேட்கிறான், வாங்கலாமா என்று.
வாங்கு. அரத்தையும் சேர்த்து வாங்கு.
வெங்காயத்துக்கு வேறு கத்தி வைத்துக்கொள்.
பிடியில் ஒரு திருகு தளரும்,
நகத்தால் இறுக்காதே.
துரு இதுவரை இல்லை,
மழையும் இதுவரை இல்லை.

வலது கட்டைவிரலில் கட்டு.
இடதுகையால் திறக்கப் பழகுகிறேன்.
இது ஐந்தாவது முயற்சி.