ஏகோபித்த கருத்து

பழைய சட்டத்தில் நூற்று எழுபத்து நான்கு.
புதியதில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
இருபது எண் தள்ளி உட்கார்ந்திருக்கிறது
அதே சாவு.

பரீட்சைக்குப் பதினோரு நாள்.
மேலூர் ஸ்டேஷன் மாடியில்
பறிமுதல் வண்டிகள் துருவேறும் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்து
வாய்விட்டுப் படிக்கிறேன்:
தற்கொலையாக, விபத்தாக, விலங்கால், இயந்திரத்தால்,
அல்லது பிறர் குற்றமென்று
நியாயமாகச் சந்தேகம் எழும்படியாக
ஒருவர் இறந்தால்

கீழே போன் அடித்தது.

கைவிட்ட கல்குவாரி.
மலையை எடுத்த இடத்தில் தண்ணீர் நின்றது
சதுரமாக, பச்சையாக,
யாரோ அளந்து ஊற்றியதுபோல.
தீயணைப்புக்காரர்கள் ஏற்றிக் கிடத்தியிருந்தார்கள்.
ஆண். வயது சுமார் நாற்பது.
'சுமார்' என்று எழுதுகையில்
பேனா ஒருமுறை நின்றது.

பம்பாயில் ஒரு காலத்தில் இதற்கென்றே
கரோனர் என்று ஓர் அதிகாரி இருந்தாராம்,
புத்தகத்தில் ஒரு வரி.
இங்கே அந்த வேலைக்கு வழியில் போகிறவர்கள்.
சட்டத்துக்கு இரண்டு பேர் போதும், வழக்கம் ஐந்து கேட்கும்.
மினிபஸ் நடத்துநர் பீர்முகமது.
இதே குவாரியில் விரல் போன பெரியபுள்ளான்.
குழுக்கடன் வசூலுக்கு வந்து மாட்டிக்கொண்ட ஜெசிந்தா.
ஆடுகளை விட்டுவர மறுத்து
ஆடுகளோடே வந்த மந்தையம்மாள்.
ஐந்தாவது ஆள் பெயரைச் சொல்லிவிட்டு
வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்;
பிடித்துவர அரைமணி.

கடைசியாக உயிரோடு பார்த்தது யார்?
முதலில் பிணமாகப் பார்த்தது யார்?
படிவம் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறது,
நடுவில் ஒரு கோடு மட்டும்.
இரண்டாவதற்கு மந்தையம்மாள் இருந்தாள்.
"ஆடுதேன் மொதப் பாத்துச்சு, நானில்ல."
ஆட்டை எழுத முடியாது.

முழங்கையில் சிராய்ப்பு.
பாறையா வேறெதுவுமா, டாக்டர் சொல்ல வேண்டும்.
செருப்பு கரையில், ஜோடியாக.
"விழுந்தவன் செருப்பு இப்பிடியா இருக்கும்?"
"குளிக்க எறங்குனவன் செருப்பு இப்பிடித்தேன் இருக்கும்."
"சட்டையோடவா குளிப்பான்?"
மந்தையம்மாள் ஒரு குட்டியைத்
தண்ணீர்ப் பக்கமிருந்து அதட்டித் திருப்பினாள்.

உடைமைகள்.
சட்டைப்பையில் பஸ் டிக்கெட், மாட்டுத்தாவணியில் ஏறியது,
மிச்சம் கரைந்துவிட்டது.
செருப்புக்குப் பக்கத்தில் மஞ்சள்பை.
பையில் நோட்டுக்கு அட்டை போடும் காக்கித்தாள், சுருள் ஒன்று.
முயல் படம் போட்ட லேபிள், ஒரு அட்டை.
பெயர். வகுப்பு. பாடம்.
ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.
பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தது.

"இதை வாங்குனவன் சாவானாய்யா?"
"வாங்குனவன் வீட்டுக்குல்ல போகணும்,
இங்க எதுக்கு வந்தான்?"
அதற்குப் பிறகு கொஞ்சநேரம்
ஆடுகள் மட்டும் பேசின.

பஞ்சாயத்தாரின் ஏகோபித்த கருத்து
என்று அச்சடித்து, கீழே அரைப்பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.
மூழ்கினான் என்பதில் ஏகோபித்தோம்.
வழுக்கியா, இறங்கியா, இறக்கியா என்பதில்
ஐந்து பேருக்கு ஏழு கருத்து.
'மேற்படி உண்மைக் காரணம் அறிய' என்று
மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதினேன்.
மந்தையம்மாள் ரேகை வைக்குமுன் கேட்டாள்:
"அந்தத் தாள யாருகிட்டம்மா குடுப்பீக?"
கோர்ட்டுக்கு, என்றேன்.
கோர்ட்டு எத்தனாங்கிளாசு படிக்குது
என்று அவள் கேட்கவில்லை. பெருவிரலை
அழுத்தி, சற்றுச் சாய்வாக வைத்தாள்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. பத்து மதிப்பெண்.
இவ்விசாரணையின் நோக்கம்
மரணத்தின் வெளித்தோன்றும் காரணத்தை அறிவது மட்டுமே;
எவரால், எதற்காக என்பன இதில் அடங்கா.
சரியான விடை.

இன்னும் யாரும் தேடி வரவில்லை.
விடுப்பு நாளில், காக்கி உடுத்தாமல்,
மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் போய் வந்தேன்,
அட்டை போடாத நோட்டோடு
எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க.

நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள்.