பரண்

முதல் இடம் நெய்னா பார்த்தது.
ஏரிக்கரை ஓரம், தண்ணீருக்குப் பத்தடி.
கல்யாண ஆல்பத்துக்கு நல்ல இடம்.
மூன்று ராத்திரி உட்கார்ந்தோம்,
ஒரு வாத்துகூட வரவில்லை.

இரண்டாவது நான் பார்த்தேன்.
தண்ணிப் பக்கம் உட்காரக்கூடாது.
தண்ணிக்கும் மேய்ச்சலுக்கும் நடுவில்
அதுகள் நடந்து நடந்து தேய்த்த தடம் எதுவோ
அதிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி,
முதுகுக்கு ஒரு மேடு,
முகத்துக்குக் காற்று.

திரையின் மூலையில் அந்த அம்பு
நிலைகொள்ளாமல் திரும்பிக்கொண்டே இருக்கும்.
'வெஸ்ட்' என்பார்.
கச்சான் என்று சொல்லுங்கள், கீழக்கரைக்காரர்தானே என்றேன்.
சிரித்தார்.
ஷார்ஜாவில் காற்றுக்குப் பேர் இல்லை புள்ள,
டெம்பரேச்சர் மட்டும்தான்.

ஆட்டத்துக் காசைச் சேர்த்துப் பரண் வாங்கினோம்.
மர ஏணி, தகரக் கூரை,
இரண்டு பேர் தோள் இடிக்க உட்காரும் அகலம்.
நாங்கள் சேர்ந்து வாங்கிய முதல் பொருள்.
இந்த மாடி அறைக்கு என்ன பெயிண்ட் என்பதைக்கூட
மாமிதான் சொன்னார்.

குசுகுசுவென்றே பேசுவோம்.
மைக்கில் பேசுவது மானுக்குக் கேட்காது, தெரியும்.
கீழே மாமிக்குக் கேட்கும்.
அங்கே அவர் அறையில் இன்னும் ஐந்து பேர்,
இரண்டடுக்குக் கட்டில்.

ஒரே இடத்தில் மிஞ்சிச் சுட்டால்
வரைபடத்தில் அந்த இடம் கறுத்துப்போகும்.
மந்தை வழி மாற்றிவிடும்.
இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்.
அவர் கையோ நிற்காது.
பெண்மான், பால்குடி மறக்காத குட்டி,
ஒருமுறை எங்கள் பரணின் ஏணியையே சுட்டார்.
பிரித்து எடுத்துக்கொண்டு வேறு மேடு,
அதுவும் கறுத்து, வேறு மேடு.
வாடகை வீட்டுக்காரர்கள் மாதிரி
மூன்று தடவை குடிபோனோம்.

போன மாதம் அவருக்கு ராத்திரி ஷிப்ட்.
பதினான்கு நாள் நான் மட்டும் ஏறி உட்கார்ந்தேன்.
ஒரு குண்டு சுடவில்லை.
இரக்கம் என்று நினைக்க வேண்டாம்,
அவர் வரும்போது இடம் கெடாமல் இருக்க வேண்டும்.
பால்கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்:
ஆறு மணிக்குப் பெண்மான்கள், நாலு.
பன்றி, மழை நாளில் மட்டும்.
விடியப் போகையில், தனியாக, பெரிய கொம்பன்.
கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு.

நேற்று வந்தார்.
'ஏறிட்டேன்' என்றார்.
பக்கத்தில் அவருடைய உருவம், பச்சைத் தொப்பி,
மடியில் துப்பாக்கி.
நோட்டை வாசித்துக் காட்டினேன்.
ம் என்றார். ம்.
பிறகு அந்த ம்மும் இல்லை.
காதில் குறட்டை,
அதற்குப் பின்னால் யாரோ புரண்டு படுக்கும் கட்டில் சத்தம்.

சரியாக அப்போதுதான் கொம்பன்.
எண்பது மீட்டர்.
என் பக்கச் சத்தத்தை நான் குறைத்துக்கொள்ளலாம்,
அவர் காதில் வெடிப்பதை என்ன செய்ய?
துப்பாக்கியை வைத்துவிட்டு வில்லை எடுத்தேன்.
வில்லுக்கு முப்பது மீட்டர் வேண்டும்.
எழுபது. அறுபத்தைந்து.
நின்று ஒரு வாய் மேய்ந்தது.
ஐம்பது.
அந்தக் கொம்பை மாட்ட எங்களுக்குச் சுவர் இல்லை என்று
அந்த நேரத்தில் போய் யோசித்தேன்.
நாற்பத்திரண்டு.

அம்பு திரும்பியது.
கச்சான் போய் வாடை.
தலையைத் தூக்கி, எங்கள் பரணைப் பார்த்து,
மூக்கை விரித்தது.
ஆட்டத்தில் தூங்குகிறவனுக்கும் வாசம் உண்டு.

ஒரே பாய்ச்சல், காட்டுக்குள்.

பத்தொன்பது மாதம்.
அதற்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

ஓடைக்கரைப் பள்ளியில் பாங்கு சொன்னது.
அங்கே எழ இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.
மைக்கை மூடினேன்,
ஆட்டத்தை மூடவில்லை.