மேலே போகக் காசு

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் ஓர் இரும்புப் பெட்டி.
பத்து தெத்ரி போட்டால்தான் ஏறும்.
இறங்கக் காசில்லை.
திபிலீசியின் வடக்கு ஓரத்தில், க்ல்தானியில்,
பன்னிரண்டு வருடமாக நான் பழுது பார்ப்பது இவற்றைத்தான்.
சோவியத் காலத்து மோட்டார், தேய்ந்த கம்பிவடம்,
ஐந்தாம் எண் பொத்தான்மேல்
எவனோ அப்பிய சூயிங்கம்.

வின்னிபெக்கிலிருந்து கடிதம் வந்து ஒன்பது நாள்.
அங்கேயும் லிஃப்ட் வேலைதான்.
சம்பளத்தை லரியில் மாற்றிப் பார்த்த எத்தேரி
கால்குலேட்டரை அழித்துவிட்டு
மறுபடி தட்டினாள்.
வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

பதினேழாவது கட்டம்: புலம்பெயர விரும்பும் காரணம்.
குழந்தைகளுக்காக
என்று எழுதினேன், யோசிக்கவே இல்லை,
கை தானாக எழுதியது.

லாஷாவுக்குப் பதினொரு வயது.
முற்றத்தில் படுத்திருக்கும் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றான்,
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய்.
அது நம்முடையது இல்லையே என்றேன்.
அதனால்தான் கேட்கிறேன் என்றான்.

நுட்சா இப்போதுதான் முப்பத்து மூன்று எழுத்தையும் முடித்திருக்கிறாள்.
எல்லாம் வளைவு, கொக்கி, சுழி.
நேர்கோடு போடச் சொன்னால்
அவள் கைக்கு இன்னும் கோபம் வருகிறது.

புதன் இரவு ஒன்பதாம் கட்டடத்திலிருந்து அழைப்பு.
ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில்
முட்டைகளோடு மாட்டிக்கொண்டிருந்தார் லாமாரா டீச்சர்.
கதவிடுக்கில் அவர் குரல்:
நுட்சாவின் அப்பாவா? நல்லதாய்ப் போயிற்று.
அந்த இரண்டு எழுத்தையும் அவள் இப்போது குழப்புவதில்லை.
வசந்த விழாவில் முதல் வரி அவளுக்குத்தான்.
நான் குறடைத் தேடினேன்.
கையில்தான் இருந்தது.

ஓர் ஆள் மட்டும் உள்ளே என்றால்
லிஃப்டை மேலே விடுவதே எளிது.
மறுபக்க எடை அதைவிடக் கனம்,
பிரேக்கைத் தளர்த்தினால் போதும், தானே ஏறும்.
நான்கு பேர், பெட்டி படுக்கையோடு என்றால்
கணக்கு வேறு.
டீச்சர் எட்டாம் மாடியில் இறங்கினார்.
ஒரு முட்டைகூட உடையவில்லை.

வீட்டில் எத்தேரி என் பதிலை அடித்திருந்தாள்,
காகிதம் கிழியும் அளவுக்கு.
நாளைக்கு அந்த ஊர்ப் பனியில் லாஷா கதவை அறைந்து
என்னைக் கேட்டீர்களா என்பான்.
இங்கேயே இருந்தால் இருபது வயதில் இதே கதவை அறைந்து
ஏன் போகவில்லை என்பான்.
இரண்டுக்கும் இப்போதே
அவன் பேரில் ரசீது எழுதாதே.
எழுது, போன குளிரில் கேஸ் பில்லுக்கு என் வளையல் போனதை.
உன் முழங்காலை எழுது.
அங்கே நான் மருந்தாளுநர் இல்லை,
யாரோ ஒருத்தி. அதையும் எழுது.

அப்படியென்றால் உனக்கு வேண்டாமா?
வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்,
என்று பேனாவை என் பக்கம் உருட்டினாள்.
கட்டம் தீப்பெட்டி அகலம்.
எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினேன்.
போகவா இருக்கவா என்று சேர்க்க
இடமில்லை.

வியாழன் காலை, பள்ளிக்கூட நேரம்.
நாங்கள் மூவரும் லிஃப்டுக்குள்.
நுட்சா எக்கி நின்று பெட்டியில் ஒரு காசு போட்டாள்.
இறங்கத்தானே போகிறோம், எதற்கடி?
திரும்பி வருவதற்கு, என்றாள்.

பெட்டி அப்படியெல்லாம் கணக்கு வைத்துக்கொள்ளாது.
மாதாமாதம் அதைத் திறந்து பார்ப்பவன் நான்.
சொல்லவில்லை.