ஊடை விட்ட இடம்

கோட்னிஸ் பெரியவனா தோமர் பெரியவனா என்று
எங்கள் தறிக்குடோனில் வாயால் பேச முடியாது.
முப்பத்திரண்டு தறி ஓடுகையில்
வீட்டில் பிள்ளை பிறந்ததைக்கூடக்
கைச்சாடையில்தான் சொல்வார்கள்.

உள்ளங்கையை நிறுத்திக் காட்டினால் கோட்னிஸ்.
மணிக்கட்டைச் சுழற்றிவிட்டால் தோமர்.
ராக்கியண்ணனுக்கு எப்போதும் நின்ற கை,
எனக்குச் சுழன்ற கை.
பதினோரு வருசம் சோமனூரில் இப்படிச் சண்டை போட்டோம்,
நடுவே எட்டுத் தறி.

கணக்கு அவர் பக்கம். மறுக்கவில்லை.
கோட்னிஸ் நூற்றுப் பதினெட்டு டெஸ்ட்,
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று,
சராசரி ஐம்பத்தொன்றுக்கு மேல்.
தோமர் முப்பத்தொரு டெஸ்ட், முப்பத்தொன்பது சொச்சம்,
பிறகு முதுகுவலி, பிறகு வாய்த்தகராறு,
பிறகு யாரும் தேடவில்லை.

"தினோம் அம்பது மீட்டர் ஓட்டறவனுக்குத்தானுங்க கூலி"
என்பார் டீக்கடையில்.
"ஒருநாள் நூறு ஓட்டிப்போட்டு
நாலு நாள் படுத்துக்கிட்டவனுக்கு என்னத்தைங்க?"
கூலிக்காரனிடம் இதற்குப் பதில் ஏது.
டீயைக் குடித்தேன்.

வெகுநாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது.
ஆணியில் ஒரு பேட்டரி ரேடியோ தொங்கும்.
தறி ஓடினால் அது ஊமை.
கரண்ட் போனால்தான் குரல் வரும்.
நான் தோமரைக் கேட்டதெல்லாம் கரண்ட் இல்லாத மணிகளில்.
அவன் ஆட்டமும் அவ்வளவு நேரந்தான்,
போன கரண்ட் வருவதற்குள்
அறுபதோ எழுபதோ அடித்து அவுட்டாகியிருப்பான்.
துணி நெய்யாத நேரத்துக்குக் கூலி கிடையாது.
எழுதிவைத்திருந்தால் தெரிந்திருக்கும்
அவனை ரசித்த வகையில் எனக்கு எத்தனை நட்டமென்று.

கோட்னிஸை நான் கேட்டதே இல்லை.
கரண்ட் போகும்போது நாற்பத்தொன்று,
வரும்போது நாற்பத்தாறு.
அவனுடைய நூறுகள் பூராவும்
தறிச் சத்தத்துக்கு அடியில் அடித்தவை.
பொழுதோட மீட்டர் குறிக்கையில்
யாராவது அவனுடையதையும் சொல்வார்கள்.
கேட்காத ஆட்டத்தைக் குறை சொல்ல
எனக்கு என்ன யோக்கியதை?

பாவு இவன், ஊடை அவன் என்று
முடித்துவிடலாம். அழகாகவும் இருக்கும்.
ராக்கியண்ணன் காறித் துப்புவார்.
எது அறுந்தாலும் தறி நிற்கும் என்பார்.

ஒரு மாசி மாதம், நான்காம் நாள்.
மேட்ச் போச்சென்று காலைப் பேப்பரே எழுதிவிட்டது.
அவத்தாலே கோட்னிஸ், நூற்றெண்பது பந்தில் முப்பத்தொன்று.
இவத்தாலே தோமர், நூற்றுப் பன்னிரண்டு.
கரண்ட் இல்லை.
குடோன் மொத்தமும் ஆணிக்குக் கீழே,
தார் சுற்றும் பழனாத்தாள் உட்பட.

கரண்ட் வந்தது. ஓடினோம்.
ராக்கியண்ணன் மட்டும் தறிகளைப் போட்டுவிட்டு
மறுபடி ஆணிக்கே போய்
ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டார்.
தன் ஆள் நிற்கிறானா என்று
பார்க்கப் போகிறார் என நினைத்தேன்.

என் பக்கம் திரும்பி
மணிக்கட்டைச் சுழற்ற ஆரம்பித்தார்.
பாதியில் நின்றது கை.
அப்படியே கீழே விழுந்தது.

அவருடைய ஐந்தாம் தறியில்
நூல் தீர்ந்த நாடா வெறுமனே ஓடியிருந்தது.
நாலு விரற்கடைக்கு ஊடை இல்லை,
பாவு மட்டும், மழைக் கம்பி மாதிரி.
துணி மடிக்கையில் மேஸ்திரி பார்த்துப்
பதினெட்டு ரூபாய் பிடித்தார்.
"நூல் மோசமுங்க" என்றார் ராக்கியண்ணன்.

மறுநாள் கடைசிவரை நின்று
கோட்னிஸ் மேட்சைக் காப்பாற்றிவிட்டான்.
டீக்கடையில் எனக்கு முன்னால்
உள்ளங்கையை நிறுத்திக் காட்டினார்.
ஒத்துக்கொண்டேன்.

அந்தப் பதினெட்டு ரூபாயை
யார் பேரில் எழுதுவதென்று
நானும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.