கழிவு

மேசையின் இரண்டு பக்கமும் கணக்கு.
இந்தப் பக்கம் என் வருமானவரிப் படிவம்,
அந்தப் பக்கம் சுகந்தினியின் சி.ஆர். கொப்பி.
நடுவில் மெஷின்.
இரண்டு மணிக்கொருக்கால் அது இரைய
தர்மிகாவின் தொண்டைச் சளி
குழாய் வழியே போத்தலுக்கு வரும்.

பிஸ்கற் ரின்னுக்குள் ஒரு வருசத்து பில்லுகள்:
எட்டாம் நம்பர் குழாய், பஞ்சு, ஸ்பிரிற்,
வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ,
மாங்குளம் முழுக்கக் கரண்ட் நிண்ட அந்த இரவுக்குப் பிறகு
தோட்டை அடைவு வைத்து வாங்கிய பற்றரி.
அரைவாசியில் எழுத்தே இல்லை.
பங்குனி வெயில் தகரக் கூரையால் இறங்கி
மையை மட்டும் தின்றிருக்கிறது.
மணந்து பார்த்தால்
ஸ்பிரிற் பில் எதுவென்று தெரியும்.
மணத்தை ஆதாரமாக எடுப்பார்களோ?

பிள்ளையின் மூச்சுக்கு ஒரு வரி தேடினேன்.
ஏழாம் பக்கம் வரைக்கும் இல்லை.
"வேற செலவு எண்டு போடுங்கோவன்."
வேறு செலவுக்கு அரை அங்குலம் விட்டிருந்தார்கள்.

"கழிவு எவ்வளவு?"
பதினாலாம் கட்டத்தை வாசித்தேன், வாய்விட்டு.
அவள் போத்தலை லைற்றுக்கு நேரே பிடித்து
"அறுபது மில்லி. நேற்றையிலும் குறைவு" என்றாள்.

விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.
பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்;
பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள்.

அவள் தன் கொப்பியில் எழுதினாள்:
11.20 — 60.
நான் படிவத்தில்,
பிறகு அழிக்கலாம் என்று பென்சிலால்,
அதையே எழுதினேன்.