கொண்டை ஊசிக்கு எதிரே உட்கார்

ஹாலா,
திருச்சியில் விமானம் ராத்திரிதான். ஆனாலும்
காலை ஆறரை பஸ்ஸிலேயே கோத்தகிரியை விட்டு இறங்கிவிடு.
குஞ்சப்பனையில் ஒரு மரம் விழுந்தால் போதும்,
மலேசியா உனக்காகக் காத்திருக்காது.

விடுதிப் படிவத்தில் தொழில் கேட்டால்
டிரைவர் என்றே எழுது.
முன்னாள், இந்நாள் எல்லாம் எழுத
அந்தக் கட்டத்தில் இடம் கிடையாது.

ஸ்வெட்டர் ஒன்று போதும், அதுவும் ரயில் பெட்டிக்கு.
வெளியே வந்தால் மேட்டுப்பாளையத்தை
மூடி போட்டு வேகவைத்த மாதிரி இருக்கும்.
வியர்வையை மறந்த உடம்பு நம்முடையது;
தாகம் எடுக்கட்டும் என்று இருக்காதே, குடி.
வாசலில் என் பாட்டில் மூடியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
சண்டை போடாதே,
பையில் இன்னொரு மூடி வைத்துக்கொள்.

பெண்கள் கழிப்பறையில் வரிசையே இல்லை.
உனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை,
சும்மா சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை.

மருந்துக்கடையில் மஞ்சள் காதடைப்பான் வாங்கிக்கொள்.
முதல் சுற்றுக்கு மட்டும் போடாதே.
அந்தச் சத்தம் காதுக்கானது இல்லை,
விலா எலும்புக்கானது.

டீ குடி. ஆனால் கோப்பையை மோந்து பார்த்து
இது டஸ்ட், இது கழிவு என்று தரம் பிரிக்காதே.
நான் பிரித்தேன்.
கடைக்காரர் தமிழர்.

இருக்கை விஷயத்துக்கு வருகிறேன்.
எல்லாரும் நேர்ப்பாதைக்கு எதிரே வாங்கச் சொல்வார்கள்.
கொடி, கோப்பை, பெரிய திரை.
வாங்காதே. நேர்ப்பாதையில் வண்டி தெரியாது,
போய்விட்டது என்பதுதான் தெரியும்.
கொண்டை ஊசிக்கு எதிரே, புல்மேட்டில், வேலியோரம் உட்கார்.
காசும் குறைச்சல்.
அங்கே யாரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள்.
இருபது பைக், ஒரு வளைவு, ஒரு சின்ன பாம்கூட இல்லை;
எதிரே எதுவும் வராது என்று
அவ்வளவு நம்பிக்கை.
எனக்குக் கை அரித்தது.

மழை வரும். குடையை விட்டுவிடு, ரெயின்கோட் எடு.
போன வருஷம் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தினார்கள்.
ஜோகூர்க்காரி ஒருத்தி தார்ப்பாயில் பாதி தந்தாள்,
நான் வறுத்த அவரை தந்தேன்.
மறுபடி தொடங்கி இரண்டாவது சுற்றில்
ஒரு பையன் எங்கள் எதிரிலேயே சறுக்கினான்.
சரளையில் ஏழெட்டு உருளல்.
எழுந்தவன் முழங்காலைப் பார்க்கவில்லை,
ஓடிப்போய் வண்டியைத் தொட்டுப் பார்த்தான்.

ஐந்தாம் வளைவில் லாரி சாய்ந்த அன்று
நெற்றியில் ரத்தத்தோடு
நீ இலை மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாய்.
நாற்பத்தொன்று.
ஒன்று குறைகிறது என்றாய்.
பதினான்கு மாசமாய் எடைமேடையில் நிற்கிறாய்.
யார் சாவியை நீட்டினாலும்
இரண்டு கையும் ஜெர்க்கினுக்குள் போய்விடுகிறது.

அந்தப் பையனைத் தள்ளிவிட்டார்கள், வண்டி கிளம்பியது.
கடைசியாகத்தான் முடித்தான்.
பெயர்கூடத் தெரியாமல் கை வலிக்கத் தட்டினோம்.
இதைப் பற்றி இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

முடிந்ததும் கூட்டத்தோடு ஓடாதே.
ஒரு மணி நேரம் புல்லிலேயே கிட.
இறக்கிவிட்ட பஸ்ஸின் எண்ணைக் காலையிலேயே படம் பிடித்து வை,
சாயங்காலம் எல்லா பஸ்ஸும் வெள்ளையாகத்தான் இருக்கும்.
ரிங்கிட் மிஞ்சினால் சாக்லெட் வேண்டாம்.
ஒரு ஜோடி கையுறை.
என் அளவு உனக்குத் தெரியும்.

நீ வந்து இறங்கும் அன்று
மேட்டுப்பாளையத்தில் காலி லாரியோடு நிற்பேன்.
கல்லாறு தாண்டவெல்லாம் வேண்டாம், நம் ரோட்டிலேயே ஏறுவோம்.
நம் வளைவுகளில் சரளைக் குழி கிடையாது,
காட்டெருமை உண்டு.
முதல் நாலு வளைவு நான் ஓட்டுகிறேன்.
அதற்கப்புறம்
எனக்குத் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

ஹாரன் மட்டும் அடி.