பச்சை விளிம்பு

இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக் கல்லை
ரொட்டித் துண்டு போல அறுக்கிறேன்.
வெளியே கொமதோரோவின் காற்று
தகரக் கூரையில் ஒரே ஓர் ஆணியை
மூன்று நாளாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் நீலப் பிசின் ஊற்றுவேன்.
கல்லுக்குள் எங்கெல்லாம் ஒன்றுமில்லையோ
அங்கெல்லாம் போய் அது நிற்கும்.
பிறகு கண்ணாடியில் ஒட்டித் தேய்ப்பேன்,
ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு மிஞ்சும்வரை.
அந்த மெலிவில்தான் கல் வாய் திறக்கும்.
இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால்
கையில் வெறும் கண்ணாடி.

கிணற்றின் பெயர் எக்ஸ்-பதினான்கு.
துளைத்தவர் தெல்ஃபின் கூரிஞாங்கோ,
"மணல்தான், கடித்துப் பார்த்தேன்" என்றார்.
படிவத்திலும் அப்படியே:
மணற்கல், பருவெட்டு, நம்பலாம்.
நன்னீர்ச் சேற்றை உள்ளே இறக்கினார்கள்.
ஒரு வாரத்தில் கிணறு விக்கிக்கொண்டது.
எண்ணெயும் இல்லை, எண்ணெயின் வாசனையும் இல்லை.
புவனோஸ் ஐரிஸிலிருந்து நாளுக்கு நான்கு தொலைபேசி,
கேள்வி ஒன்றுதான்: யார் சொன்னது அங்கே தோண்ட?

சொன்னவள் நேரேயா இத்தூரியோஸ்.
என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள்.
மாத்தே குவளையை நீட்டுகிறாள்,
நான் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருகிறேன்,
நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குவார்ட்ஸ் மணிகள் தெரிகின்றன,
வெள்ளையாய், யாரையும் சட்டைசெய்யாமல்.
அவற்றுக்கு இடையில்
மணல் வேடம் போட்ட எரிமலைத் துணுக்குகள்.
மேற்கே எங்கோ ஒரு மலை கக்கியவை,
ஆற்றில் உருண்டு உருண்டு
மணலோடு மணலாய்ப் படுத்துக்கொண்டவை.
பத்துக் கோடி ஆண்டு அவற்றின்மேல் நீர் ஊறியிருக்கிறது,
சூடாக, அவசரமில்லாமல்.

எரிமலைக் கண்ணாடி போய்விட்டது.
இருப்பது களிமண், பாசிப் பச்சை.
ஆனாலும் ஃபெல்ஸ்பார் ஊசிகள் கிடந்த கோடுகள்
கிடந்தபடியே கிடக்கின்றன,
லாவா ஓடிய திசையைக் காட்டிக்கொண்டு.
வீட்டைக் காலி செய்தவர்கள்
கதவு எண்ணைக் கழற்ற மறந்தது போல.

பக்கத்து மணி நெருக்கியபோது
இது பிதுங்கியிருக்கிறது,
சந்துபொந்தெல்லாம் அடைத்துக்கொண்டு.
நன்னீர் பட்டதும் இன்னும் ஊதியிருக்கும்.
நீலம் தேடுகிறேன். எங்கும் இல்லை.

"எவ்வளவு?"
"முந்நூறு புள்ளி எண்ணினேன்.
நூற்று இருபத்துமூன்று துணுக்கு."
"நாற்பத்தொன்று சதவீதம்."
குனிந்து பார்க்கிறாள். வெகுநேரம் பார்க்கிறாள்.
"சனியன், எவ்வளவு அழகாக இருக்கிறது."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான்
அடுத்த சில்லை வைத்தேன்.
அதே கிணறு, பதினொரு மீட்டர் கீழே.
அந்த அடுக்கை யாரும் திறந்தே பார்க்கவில்லை.

நீலம்.
குளம் குளமாக நீலம்.

துணுக்குகள் இங்கே கொஞ்சம்தான்.
அவை கரைந்து விட்ட பச்சை
ஒவ்வொரு குவார்ட்ஸ் மணியையும் சுற்றி
முட்டை ஓட்டின் உள்தோல் அளவுக்கு ஒட்டியிருக்கிறது.
அந்தத் தோலைத் தாண்டி மணி வளர முடியவில்லை.
வளராததால் இடைவெளி இடைவெளியாகவே நின்றுவிட்டது.

"அதே பச்சையா?"
"அதேதான். இங்கே மெல்லிசு."
ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே,
நேரேயா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.
வியாழக்கிழமையே சிமெண்ட் ஊற்றி மூடியாயிற்று.
கோபுரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றி
லாஸ் எராஸுக்குக் கொண்டுபோயாயிற்று.

சாணைச் சக்கரத்தைக் கழுவினேன்.
சாக்கடையில் பச்சைத் தண்ணீர் ஓடியது.
இரவு வெங்காயம் நறுக்கும்போது பார்த்தால்
நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம்.

தெல்ஃபினை அழைத்தேன்.
"என் பல் பொய் சொன்னதா?"
"பாதிக்கு மேல் உண்மைதான்" என்றேன்.
பதினொரு மீட்டரையும் சொன்னேன்.
அந்தப் பக்கம் காற்று மட்டும் பேசியது.
பிறகு அவர் யாரிடமோ திரும்பிக் கத்துவது கேட்டது:
நாளைக்கு நன்னீர் லாரி வேண்டாம்,
உப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்.